பருவக்காற்றை வைத்தால் ஆட்டம் படுத்துவிடுகிறது, எடுத்தால் வெட்கமாக இருக்கிறது

பனியன்_மாலுமி:

வணக்கம். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, கோடோ எஞ்சினில் (விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள்) ஒரு வியூக விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றரை வருஷமாகிறது. களம் 1025, ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. கடாரம் என்றால் இன்றைய மலேசியாவின் கெடா. நாகப்பட்டினத்தில் கப்பல் திரட்டி, வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒரு டர்ன் என்றால் ஒரு மாதம்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டு. அது 1999இல் முதலில் வந்தபோது அதில் இந்தியாவே இல்லை. 2022இல் வந்த இந்தியத் தொகுப்பில் திராவிடர் என்று ஓர் அணியும் ராஜேந்திரன் பெயரில் ஒரு தொடரும் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் ஆடி முடித்தேன். முடித்த அன்று ஒரு குறை மட்டும் உறுத்தியது. கப்பலைச் சொடுக்கினால் இரண்டு நிமிஷத்தில் அக்கரை. கடல் என்றால் இவ்வளவுதானா? கடலைக் கடலாகக் காட்டும் ஒரு ஆட்டத்தை நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் மாட்டிக்கொண்டேன். கிழக்கே போகத் தென்மேற்குக் காற்று வேண்டும். அது ஜூன் வாக்கில்தான் நிலைக்கும். திரும்பி வர வடகிழக்குக் காற்று. 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி யீஜிங்கின் குறிப்பில், குளிர்காலக் கடைசியில் கடாரத்திலிருந்து கிளம்பிய கப்பல் 30 நாளில் நாகப்பட்டினம் வந்ததாக இருக்கிறது. அப்படியானால் போய்வரக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். இதை அப்படியே வைத்தேன். செப்டம்பரில் கப்பல் தயாரானால், ஆடுகிறவர் அடுத்த ஜூன் வரை "அடுத்த மாதம்" பொத்தானை ஒன்பது தடவை அழுத்த வேண்டும்.

முதல் சோதனை ஆட்டக்காரர் என் அக்கா மகன், எட்டாம் வகுப்பு. ஐந்தாவது அழுத்தலில் கேட்டான்: "மாமா, ஹேங் ஆயிடுச்சா?"

"ஹேங் ஆகலடா, காத்துக்காக நிக்கிறோம்."

"அப்ப ஃபேன் போடுங்க."

சரி என்று காற்றையே எடுத்துவிட்டு இன்னொரு பதிப்பு கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கீழே வைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. டிசம்பர் மாதம், வாடை முகத்தில் அறைய வேண்டிய நேரத்தில், அவன் கப்பல்கள் பாயை விரித்துக்கொண்டு நேராகக் கிழக்கே போகின்றன. பொங்கலுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. பார்க்கக் கூசுகிறது.

இது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் பகுதி) "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று இருக்கிறது. பல கலம். எத்தனை என்று இல்லை. கல்வெட்டு வெட்டியவருக்குப் "பல" போதும். நான் நிரலில் ஒரு எண் போட்டாக வேண்டும். 40 போட்டேன், 400 போட்டேன், எதைப் போட்டாலும் நான் கதை கட்டுகிறேன் என்று தெரிகிறது. அப்புறம் புயல். ஆறில் ஒரு பங்கு வாய்ப்பில் புயல் வந்து பாதிக் கப்பலைத் தின்னும்படி வைத்தேன். பையன் புயல் வந்த உடனே பழைய சேமிப்பை (முன்பு சேமித்து வைத்த ஆட்ட நிலையை) திறந்து மறுபடி ஆடுகிறான். அவன் கடலில் இதுவரை ஒரு புயலும் அடித்ததில்லை.

ஜெயித்த பிறகு "இந்த ஊரை நம்ம கலர்ல மாத்த முடியாதா?" என்று வேறு கேட்கிறான். சோழர்கள் அங்கே உட்கார்ந்து ஆளவில்லை, அடித்துவிட்டு வந்துவிட்டார்கள் என்றால், "அப்ப எதுக்குப் போனாங்க" என்கிறான். நியாயமான கேள்விதான்.

சோதனைப் பதிப்பும் திரைப்பிடிப்புகளும் இணைத்திருக்கிறேன். எங்கே உண்மையை விடாமல் பிடிப்பது, எங்கே கை விடுவது? விளையாட்டு ஆடுகிறவர்களும் சொல்லுங்கள், வரலாறு படித்தவர்களும் சொல்லுங்கள்.

---

தூங்காநகரம்:

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தில் காந்தி அணுகுண்டு போடுகிறார். அதுவும் ஏதோ கணக்குப் பிழையில் வந்தது. யாராவது அழுதோமா? சிரித்துக்கொண்டே முப்பது வருஷமாக ஆடுகிறோம். காற்றைத் தூக்கிப் போடுங்கள். பையன் சாப்பிடவே வரவில்லை என்கிறீர்கள், அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

---

தாயக்கட்டை:

மேலே சொன்ன காந்தி கதையில் ஒரு திருத்தம். 1991இல் வந்த முதல் சிவிலைசேஷனில் கணினிக் கணக்கில் எண் எல்லை தாண்டி வழிந்து காந்தி வெறிபிடித்தவர் ஆனார் என்று ஊரே சொல்கிறது. அப்படி ஒரு பிழை அதில் இல்லை என்று அந்த ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயரே 2020இல் எழுதிவிட்டார். ஆனால் 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் காந்தியின் அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தார்கள், நகைச்சுவைக்காக. வதந்தி முதலில் வந்ததா, ஆட்டம் முதலில் வந்ததா என்று தெரியாத அளவுக்கு இரண்டும் கலந்துவிட்டன.

இனி உங்கள் விஷயம். நான் பலகை விளையாட்டு ஆள்; கணினி ஆட்டம் குறைவு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் சேருவோம், ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்கி ஜெர்மன் ஆட்டங்கள் வரை ஓடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பையனுக்குச் சலித்தது காற்று இல்லை, பொத்தான். நல்ல ஆட்டம் என்பது சுவையான முடிவுகளின் தொடர் என்று அதே சிட் மெயர் சொல்வார். ஒன்பது தடவை "அடுத்த மாதம்" அழுத்துவதில் முடிவு எங்கே இருக்கிறது? பல் டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி அது.

காற்றை எடுக்காதீர்கள், மாதத்தை எடுங்கள். வருஷத்துக்கு இரண்டே டர்ன். போகும் காற்று ஒன்று, வரும் காற்று ஒன்று. நடுவில் கரையில் இருக்கும் காலத்தை நாள் கணக்காகக் கையில் கொடுங்கள்: காற்று நிலைக்க இன்னும் 40 நாள். அதில் மரம் வாங்கலாம், ஆள் சேர்க்கலாம், அரிசி ஏற்றலாம், வணிகரிடம் துப்புக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் நாள் போதாது. காற்று வந்த பிறகும் "இன்னும் பத்து நாள் இருந்தால் இன்னும் ஐந்து கப்பல் கிடைக்கும்" என்று ஆசை காட்டுங்கள். பத்து நாள் தாமதித்தால் அக்கரையில் பத்து நாள் குறையும். உங்கள் மருமகன் அங்கே நகம் கடிப்பான், ஃபேன் கேட்க மாட்டான்.

புயல் விஷயத்தில் நீங்கள் செய்தது எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தப்பு. முதல் சிவிலைசேஷனில் நாகரிகங்கள் விழுந்து மறுபடி எழ வேண்டும் என்றுதான் மெயர் நினைத்தாராம். விழும் இடம் வந்ததும் ஆடுகிறவர்கள் பழைய சேமிப்பைத் திறந்துவிடுவார்கள் என்று தெரிந்து கைவிட்டார். 2010இல் ஒரு மாநாட்டில் இன்னொன்றும் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் இருக்கும் ஆட்டக்காரர் தோற்றால் "கணக்கு தப்பு" என்று சண்டைக்கு வருகிறார். அதே ஆள் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால் வாயே திறப்பதில்லை. நாலில் ஒரு தடவை தோற்பதுதான் கணக்கு. மனசு அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே பகடை உருட்டிப் புயல் வரக் கூடாது. அவன் எடுத்த முடிவிலிருந்து வர வேண்டும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். "இப்போதே திரும்பினால் நடுக்கடலில் புயல் பிடிக்கலாம், தை வரை அக்கரையில் தங்கினால் உணவு தீரும்" என்று முன்கூட்டியே காட்டிவிட்டு அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூழ்கினால் தன்னைத்தான் திட்டிக்கொள்வான். அப்போதும் சேமிப்பைத் திறக்கலாம்தான். ஆனால் அது தோல்வி என்று அவனுக்கே தெரியும்.

கடைசியாக, எது உண்மை போலத் தெரிகிறதோ அதை நம்பாதீர்கள். 2004இல் வந்த ரோம்: டோட்டல் வார் ஆட்டத்தில் எகிப்துப் படை பிரமிடு ஓவியத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும். ஆட்டம் நடக்கும் காலத்தில் எகிப்தை ஆண்டது கிரேக்க வழி தாலமி வம்சம். அந்த வேஷம் ஆயிரம் வருஷம் பழசு. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் "எகிப்து" என்றால் நம் மனசில் இருக்கும் படம் அதுதான். அதே ஆட்டத்தில் தீ வைத்து ஓடவிடும் பன்றிகள் உண்டு. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யானைப் படையைக் கலைக்கத் தீப்பன்றி விட்ட கதை பழைய எழுத்தாளர்களிடமே இருக்கிறது.

---

பனியன்_மாலுமி:

அண்ணா, இரண்டு டர்ன் யோசனை என் மண்டையில் ஏறிவிட்டது. இன்று ஆபீஸில் கணக்கு எழுதுவது மாதிரி உட்கார்ந்து கரைநாள் அட்டவணை போட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு "இந்த மாசம் ஷிப்மென்ட்டா?" என்றார். ஆமாம் சார் என்றேன். பொய் இல்லையே.

"பல கலம்" மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

---

மைப்படி:

கல்வெட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவள் நான். உங்கள் சோதனைப் பதிப்பைப் பதிவிறக்கி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்னச் சண்டை. கப்பல் சரக்கறையில் அரிசி, கருவாடு, புளி, எல்லாம் சரி. பக்கத்தில் ஒரு கூடை நிறைய சிவப்பு மிளகாய் வைத்திருக்கிறீர்களே! மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498. ராஜேந்திரன் மிளகாய்ச் சட்னி தின்றிருக்க வழியில்லை. மிளகு ஏற்றுங்கள். மேம்பாட்டுப் பட்டியலில் "காந்தத் திசைகாட்டி" என்று ஒன்று. காந்த ஊசியைப் பற்றிச் சீனாவில் சென் குவோ எழுதியதே 1088 வாக்கில். அதையும் எடுத்துவிட்டு நட்சத்திரம் பார்க்கும் மாலுமி ஒருவரைப் போடுங்கள். இவற்றை மாற்றுவதால் விளையாட்டின் சுவை துளியும் குறையாது. உண்மைக்கும் சுவைக்கும் சண்டையே இல்லாத இடங்களில் பொய் சொல்வதுதான் எனக்குக் கோபம்.

கப்பல் வகைப் பெயர்களுக்கும் இதேதான். இணையத்தில் "சோழர் போர்க்கப்பல் வகைகள்" என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது, திரிசடை உட்பட. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கல்வெட்டில் என்று கேட்டால் இதுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. கலம், நாவாய், வங்கம், தோணி என்று நம் பழைய சொற்களே இருக்கின்றன. அவற்றை வைத்தால் வம்பில்லை.

இனி நான் சொல்ல வந்தது. நீங்கள் மெய்க்கீர்த்தியில் "பலகலம்" வரை படித்து நின்றுவிட்டீர்கள். கீழே போங்கள். 13 இடங்கள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழியோடு. துறைநீர்ப் பண்ணை. ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கம். காவலம் புரிசை மேவிலிம்பங்கம். தேனக்க வார்பொழில் மாநக்கவாரம். தொடுகடற் காவல் கடுமுரட் கடாரம்.

இதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு உங்கள் விளையாட்டில் ஊரைச் சொடுக்கினால் வரும் தகவல் அட்டைதான் தோன்றியது. மாயிருடிங்கத்துக்கு ஆழ்கடலே அகழி; தரைப்படையால் நெருங்க முடியாது. மேவிலிம்பங்கத்துக்கு மதில் காவல். பண்ணைக்குத் துறை, கப்பல் பழுது பார்க்கலாம். மாநக்கவாரம் என்பது நிக்கோபார், தேன் சொரியும் சோலை, உணவு ஏற்றிக்கொள்ளலாம். கடாரத்துக்குக் கடலே காவல். நீங்கள் இப்போது 13 ஊருக்கும் ஒரே மதில், ஒரே 500 உயிர்ப்புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். கல்வெட்டே வேறுபடுத்திக் கொடுத்திருக்க, நீங்கள் ஏன் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கிறீர்கள்?

இன்னும் ஒன்று, இதுதான் எனக்குப் பிடித்தது. அந்த வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். கலங்கா வல்வினை இலங்காசோகம். கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலம். தேனக்க, மாநக்க. கலங்கா, இலங்கா. கலைத்தக், தலைத்தக். புரிகிறதா? எதுகை! தலைத்தக்கோலத்தில் உண்மையிலேயே கலையில் தேர்ந்தவர்கள் இருந்தார்களா, இல்லை எதுகைக்காகக் குடியேற்றப்பட்டார்களா? அந்தப் புலவருக்கும் உங்கள் பிரச்சினைதான் இருந்திருக்கிறது. ஊர்ப் பெயரில் கை வைக்க முடியாது, அது நடந்தது. அடைமொழியில் விளையாடலாம், அதுதான் கேட்கிறவர் காதுக்கு. நக்கவாரத்தை அவர் தெற்கே நகர்த்தவில்லை. தேனை மட்டும் கொஞ்சம் ஊற்றினார்.

எண் விஷயம் எனக்குத் தெரிந்து எளிது. உங்களுக்குத் தெரியாததை ஆடுகிறவரிடம் விட்டுவிடுங்கள். எத்தனை கப்பல் என்று அவர் முடிவு செய்யட்டும்.

---

வல்வை_பெடியன்:

காற்றுக்குப் பெயர் வையுங்கோ. திரையில் "தென்மேற்குப் பருவக்காற்று" என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள், பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் மாதிரி இருக்கு. எங்கட பக்கம் கடலுக்குப் போறவை அப்படிக் கதைக்க மாட்டினம். மேற்கிலிருந்து வந்தால் கச்சான், தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. "கச்சான் விழுந்திட்டுது" என்று ஒரு வரி வந்தால் போதும், ஆடுறவருக்கு உப்புக் காற்று மணக்கும்.

ஒரு எச்சரிக்கை: எங்கட ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். அதைச் சரக்கறையில் ஏற்றிவிடாதையுங்கோ, அதுவும் மிளகாய் மாதிரி அமெரிக்காச் சாமான். மைப்படி அக்கா திரும்ப வந்து ஏசுவா.

பாய்க்கப்பல் தொழில் எங்கட ஊரில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. இங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் எங்கட மாலுமிமாரோடு அமெரிக்காவில் குளோஸ்டர் வரைக்கும் போனது. என்ர அம்மப்பா பர்மாவுக்கு அரிசிக்குப் போய் வந்தவர். கரையில் காத்திருக்கிறதுதான் தொழிலில் பாதி என்று சொல்லுவார். பாய் தைக்கிறது, கயிறு திரிக்கிறது, கலப்பற்று வைக்கிறது. பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற வேலை அது, அதைச் சரியாகச் செய்யாட்டி நடுக்கடலில் தண்ணி இறைச்சே கை செத்துப்போகும். உங்கட கரைநாள் அட்டவணையில் கலப்பற்றுக்கு ஐந்து நாள் போடுங்கோ. ஆசைப்பட்டு அதைத் தவிர்க்கிறவனுக்குக் கப்பல் ஒழுகட்டும்.

---

ஜெராய்_அடிவாரம்:

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியிலிருந்து எழுதுகிறேன். அதாவது நீங்கள் அடிக்க வரும் ஊர்.

சண்டைக்கு வரவில்லை. ஆட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் கடாரம் வந்ததும் திரையில் பெரிய கருங்கல் கோட்டை, மேலே பகோடாக் கூரை, அரசன் தொண்டை கிழியச் சிரிக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் புஜாங் பள்ளத்தாக்கு, பழைய கடாரத்தைத் தோண்டி எடுத்த இடம். அங்கே இருப்பது கோயில்களின் அடித்தளம், செங்கல், கல். அருகே சுங்கை பத்துவில் தோண்டியபோது கிடைத்தது இரும்பு உருக்கிய உலைகள். கோட்டையைவிட உலைப் புகை வரையுங்கள். அதைவிட முக்கியம் ஜெராய் மலை. 1,217 மீட்டர், கடற்கரையிலிருந்து நேராக எழும்பி நிற்கும். கடலில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான். உங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. 30 நாள் நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு ஒரு நாள் காலை அடிவானத்தில் அந்த மலை தெரிந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள். இதற்குச் செலவு ஒரு படம்.

அப்புறம் உங்கள் மருமகன் கேட்ட "எதுக்குப் போனாங்க". ஆட்டத்தை 1025இல் தொடங்கினால் அதற்குப் பதில் வராது. 1006இலிருந்து தொடங்குங்கள். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே கொடுத்தது அப்போதுதான். நண்பர்கள்! 1015இல் சோழத் தூது சீனா போகிறது. நடுவில் மலாக்கா நீரிணை, அதன் வாசலில் ஸ்ரீவிஜயம். பத்து வருஷத்தில் படை. மறுபடி 1033இல் சீனாவுக்குத் தூது. 1088இல் சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு. நிலத்தின் நிறம் மாறவே இல்லை, கடலில் யார் சரக்கு போகிறது என்பதுதான் மாறியது. பனியன் ஏற்றுமதி செய்கிற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

முடிந்தால் எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட ஒரு வழி வையுங்கள். 2025இல் வெளியான சிவிலைசேஷன் 7இல் சோழர்கள் இருக்கிறார்கள் என்று இங்கே பையன்கள் கொண்டாடினார்கள். நானும்தான். அந்த ஆட்டத்தில் தலைவரும் நாடும் தனித்தனி, ஆகவே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலைமையில் சோழர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கட்டலாம். அதை ஆடிச் சிரித்தேன். ஆனால் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் (இவையும் பழைய வணிகக் குழுக்கள்) இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் வட்டாரம் ஆகும் என்று வைத்திருக்கிறார்களே, அங்கே வணிகக் குழுக்களைக் கவனித்திருக்கிறார்கள். ஃபிராங்க்ளினை மன்னித்துவிட்டேன்.

---

தூங்காநகரம்:

சரி, நான் வாபஸ். அந்த மலை விஷயம் மட்டும் கண்டிப்பா வைங்க ப்ரோ.

---

பனியன்_மாலுமி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தூக்கம் போனாலும் வேலை நடந்தது.

வருஷம் இப்போது கச்சான், வாடை என்று இரண்டு டர்ன். கரைநாள் 60. கலப்பற்றுக்கு ஐந்து நாள். மைப்படி அக்கா சொன்னபடி 13 ஊருக்கும் தகவல் அட்டையில் மெய்க்கீர்த்தி வரி, கீழே அதற்கேற்ற எண்கள். எண்கள் எல்லாம் என் கற்பனைதான். ஆனால் எது பெரிது எது சிறிது என்பது கல்வெட்டின் சொல். அதனால் கூச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேவிலிம்பங்கத்தின் மதிலை மட்டும் பாதியாகக் குறைத்தேன், நாலு பேர் அங்கேயே மாட்டிக்கொண்டு ஆட்டத்தை மூடிவிட்டார்கள். இது கல்வெட்டுக்கு எதிரான குற்றம், ஒப்புக்கொள்கிறேன். 1006 தொடக்கம் அடுத்த பதிப்பில். கடாரத்துப் பக்க ஆட்டம் அதற்கும் அடுத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள் ஜெராய் அண்ணா. மலை வந்துவிட்டது.

வெற்றி நிபந்தனையையும் மாற்றினேன். ஊரின் நிறம் மாறாது. மெய்க்கீர்த்தியில் கொள்ளைப் பொருளாக வருகிறதே விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாயில், அதைக் கப்பலில் ஏற்றி வாடைக்காற்று ஓய்வதற்குள் நாகப்பட்டினம் கொண்டுவந்து சேர்த்தால் வெற்றி. கனமான சாமான். அதை ஏற்றினால் இரண்டு கப்பல் அரிசியை இறக்க வேண்டும். கப்பல் எண்ணிக்கையை ஆடுகிறவரிடமே விட்டுவிட்டேன், குறைந்தது 12, அதிகம் 200. முடிவில் நீங்கள் எப்படி ஆடினீர்களோ அதை வைத்து ஒரு கல்வெட்டு திரையில் எழுதப்படும். நீங்கள் 12 அனுப்பினாலும் 200 அனுப்பினாலும் அதில் வருவது ஒரே வரிதான்: அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். கச்சான் வந்த பிறகும் பதினெட்டு நாள் தாமதித்தான், இன்னும் கப்பல் வேண்டுமாம். கலப்பற்றைத் தவிர்த்தான். கடாரத்தை அடித்தான், தோரணத்தை ஏற்றினான். தை வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஐப்பசியிலேயே கிளம்பினான். 90 கப்பலில் 61 போய்விட்டன. சேமிப்பைத் திறக்கவில்லை. தோரணம் இருந்த கப்பல் மட்டும் ஒழுகிக்கொண்டே கரை சேர்ந்தது. எழுந்து நின்று கத்தினான்.

கல்வெட்டு மெதுவாகத் திரையில் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போய் ஒரு தடவை தேடினான்.

"மாமா, மூழ்கின கப்பலைப் பத்தி ஒண்ணுமே போடலையே?"

"கல்வெட்டுல போட மாட்டாங்கடா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புது ஆட்டம் தொடங்கி, முதல் வேலையாகக் கலப்பற்றுக்கு ஐந்து நாள் ஒதுக்கினான்.

பதிப்பு 0.7 மேலே இணைப்பில் இருக்கிறது. மிளகாய்க் கூடையை எடுத்தாயிற்று.